முந்நூற்று ஐம்பது

கொயானியாவில் கொஷீஞ்ஞாவை
யாரும் ஒன்று இரண்டாகக் கேட்பதில்லை.
நூறுதான் கணக்கு.
என் கணக்கில் நூறு என்றால் நூற்று மூன்று:
எண்ணெயின் காய்ச்சல் பார்க்க ஒன்று,
வெடிக்கப்போவது ஒன்று,
மூன்றாவது எனக்கு. அதை யாரிடமும் சொல்வதில்லை.

வியாழக்கிழமை போனில் ஓர் எடிவானியா.
பழகாத குரல்.
"சனிக்கிழமை ஆறு மணிக்கு முந்நூறு.
கோழி இருநூறு, பாலாடைக்கட்டி நூறு.
பெண்ணுக்குப் பதினைந்து வயது முடிகிறது.
ஒரே வாயில் போகிற அளவு இருக்கணும்,
பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வருவார்கள்."
பாதிப் பணம் உடனே வந்தது.
முகவரி பிறகுதான் வந்தது:
நூற்று நாற்பத்தேழு.

நான் இருப்பது நூற்று நாற்பத்தைந்து.

தல்வினா வீடு.
அவள் தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து
என் அடுப்படிச் சுவரில்
பாசி ஒரு தேசப்படம் வரைந்து இரண்டு வருஷம்.
"தொட்டி எங்களுடையது, மழை கடவுளுடையது" என்றாள்.
நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.
அன்றோடு சரி.

பணத்தைத் திருப்பி அனுப்ப விரல் போனது.
காஸ் பில் ஞாபகம் வந்தது.

வெள்ளி இரவு கோழியை வேகவைத்து நாராகப் பிய்த்தேன்.
வெந்த நீரிலேயே மாவைக் கொட்டிக் கிளற வேண்டும்,
பானையைவிட்டுத் தானே விலகும்வரை.
தோள்பட்டை கழன்றுபோகும்.
கோபம் இருந்தால் மாவு நன்றாகத் திரளும்,
இது எந்தச் சமையல் குறிப்பிலும் வராது.

நெல்லிக்காய் அளவு உருட்டி,
கட்டை விரலால் குழித்து,
கோழியை உள்ளே வைத்து மேலே கூட்டி மூடி
நுனியைக் கிள்ளி இழுத்தால் மூக்கு வரும்.
என் மகன் உவாலசின் கைக்கு மூக்கு வராது.
"உருண்டை பாலாடைக்கட்டிக்குத்தான், குழப்பாதே."
"வாய்க்குள் போனால் எல்லாம் ஒன்றுதான் அம்மா."
இருநூறில் மூக்கில்லாதவை பதினேழு.
நூற்று நாற்பத்தேழுக்கு இது போதும் என்று
மூடியும் போட்டுவிட்டேன்.
பிறகு திறந்து, பிசைந்து, திரும்பச் செய்தேன்.
தொழில் வேறு, பாசி வேறு.

சனி, நாலு மணி.
முதல் ஈடு எண்ணெயில் சீறியதும்
மதிலுக்கு அப்பால் துணி எடுத்துக்கொண்டிருந்த கை
ஒரு சட்டையின்மேல் அப்படியே நின்றது.
நான் பார்க்காத மாதிரி கரண்டியைத் தட்டினேன்.

உவாலஸ்தான் கொண்டுபோனான். பத்தடி தூரம்.
தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனான்,
யாரோ ஒரு டெலிவரிப் பையன் என்று நினைக்கட்டுமாம்.

இருட்டியதும் பாட்டு. சுவர் அதிர்ந்தது,
பாசியோடு சேர்ந்து.
நடுவில் பாட்டு மாறுகிற இடைவெளியில்
ஓர் ஆண் குரல்: "இதை யார் செய்தது?"
கரண்டியைக் கழுவுவதை நிறுத்தினேன்.
"டவுன் பக்கம் ஒரு பெரிய கடை" என்றாள் தல்வினா.

சிரித்துவிட்டேன்.
வெடித்துப்போன மூன்றையும்
ஆறிய பிறகும் தின்றேன்.

ஒன்பதரைக்கு எடிவானியாவிடமிருந்து செய்தி:
இன்னும் ஐம்பது கிடைக்குமா? இப்பவே.
அடுத்ததும் வந்தது:
தெரு வழியாக வேண்டாம், ஆட்கள் நிற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டருக்கென்று
ஃப்ரீசரில் வைத்திருந்த ஐம்பதை எடுத்தேன்.
ஐம்பத்திரண்டு பொரித்தேன், பழக்கம்.
பீர் பெட்டியைக் கவிழ்த்து ஏறி
தட்டை மதில்மேல் வைத்தேன்.
அந்தப் பக்கம் இரண்டு கைகள்.
நகப்பூச்சு புதிது, மோதிரம் பழையது.

"சூடு" என்றேன்.
"தெரியும்" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.
மீதிப் பணம் இரவே வந்துவிட்டது,
ஐம்பதுக்கும் சேர்த்து.

தட்டு இன்னும் வரவில்லை.
கேட்கவேண்டும்.